மூங்கில்காட்டுக்குப் போன பொருளாதார டீச்சர்

ஒரு காட்டில் சிங்கம் இருந்ததா, புலி இருந்ததா என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. பல்கலைக்கழகம் இருந்தது. தேக்கங்காட்டுப் பல்கலைக்கழகம் என்று பெயர். அங்கே என்னென்ன படிப்பு சொல்லித்தருகிறார்கள் என்று பக்கத்துக் காட்டில் யாரைக் கேட்டாலும் தெரியாது. ஆனால் அதன் கபடி டீமை முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்குக்கூடத் தெரியும்.

அந்த டீமுக்காக எல்லா மாணவர்களிடமும் விளையாட்டுக் கட்டணம் வாங்கினார்கள். மேட்ச் நடக்கிற பகல் முழுக்கத் தூங்கும் ஆந்தையும் கட்டியது. கப் கொடுத்து, மேடையைப் பிரித்து, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு மைதானத்துக்கு வந்துசேரும் நத்தையும் கட்டியது. அந்தப் பணத்தில் மைதானத்துக்கு மெத்தை மாதிரி புல் போட்டார்கள். வீரர்களுக்குச் சக்கரவள்ளிக்கிழங்கு போட்டார்கள். கோச் தளவாய்க்கு ஆற்றோரம் ஒரு வீடும், போக வர ஒரு காட்டெருமையும், எருமைக்கு ஒரு டிரைவரும் கொடுத்தார்கள். தளவாய் ஓர் உடும்பு. ஆடுகிற காலத்தில் பிடித்த காலை விட்டதில்லை. கோச் ஆன பிறகு பிடித்த பட்ஜெட்டை விட்டதில்லை.

மிச்சப் பணத்தில் படிப்பு நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. மிச்சம் என்று ஒன்று வந்ததே இல்லை.

பொருளாதாரம் நடத்திய குழல்வாய்மொழி ஒரு தேவாங்கு. கௌரவ விரிவுரையாளர். யாருக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லையோ அவர்களுக்குக் கௌரவம் கொடுப்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் வழக்கம். அவளுக்குக் கண் இயல்பிலேயே பெரிது. சம்பளம் எவ்வளவு என்று கேட்ட அன்றுதான் அப்படி ஆனதாக மற்ற ஆசிரியர்கள் சொல்வார்கள். ஓட்டை விழுந்த ஒரு மரப்பொந்தில் வகுப்பு எடுத்தாள். மழை வந்தால் லீவு. வெயில் வந்தால் மாணவர்கள் கபடி பார்க்கப் போய்விடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வகுப்பில் அவளிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, “டீச்சர், மணி அடிச்சாச்சா?” என்பதுதான்.

ஒருநாள் துணைவேந்தர் அம்பலவாணன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் யானை. அறையில் அவர் உட்கார்ந்த பிறகு மற்றவர்களுக்கு இடம் இருக்காது என்பதால் எல்லோரும் வாசலில் நின்றுதான் பேசுவார்கள். அன்று வாசலில் கோச் தளவாயும் நின்றார். முகம் தொங்கிப்போயிருந்தது.

“வாங்க டீச்சர், சொகமா இருக்கியளா?” என்றார் தளவாய். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை. ஏதோ பெரிய ஆபத்து என்று குழல்வாய்மொழிக்குப் புரிந்துவிட்டது.

ஆபத்து இதுதான். காடுகளுக்கு இடையிலான கபடிப் போட்டியில் புதிதாக ஒரு விதி போட்டுவிட்டார்கள். மாணவனாக ஆடுகிறவன் ஒரு பாடத்திலாவது பாஸ் ஆகியிருக்க வேண்டும். தேக்கங்காட்டின் நட்சத்திர ஆட்டக்காரன் பூதத்தான் என்கிற காட்டுப்பன்றி. அவன் பாடிப் போனால் எதிரணியில் பாதி பேர் கோட்டுக்கு வெளியே போய் நின்றுகொள்வார்கள். அப்பேர்ப்பட்டவன் எழுதின எல்லாப் பாடத்திலும் ஃபெயில். எழுதாமல் மிச்சம் இருப்பது பொருளாதாரம் ஒன்றுதான்.

“மார்க்கை நீங்களே போட்டுருங்களேன் டீச்சர்” என்றார் தளவாய்.

உண்மையைச் சொன்னால் குழல்வாய்மொழிக்கும் அந்த யோசனை வந்தது. வாடகை பாக்கி இருக்கிறவர்களுக்கு அப்படிப்பட்ட யோசனைகள் வேகமாக வரும். ஆனால் பேப்பர் திருத்துவது அவள் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற, உடம்பெல்லாம் செதில் உள்ள ஓர் அழுங்கு. சிபாரிசு என்று யாராவது பக்கத்தில் போனால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். பிறகு சாயங்காலம் வரைக்கும் பிரியாது.

“அப்படியானால் வேறு வழியில்லை. சொல்லிக்கொடுத்துவிட வேண்டியதுதான்” என்றார் துணைவேந்தர், கடைசி ஆயுதத்தை எடுக்கிறவர் மாதிரி. “பையனைப் பாஸ் ஆக்குங்கள், உங்கள் வேலையை நிரந்தரம் ஆக்குகிறேன். ஆக்காவிட்டால் அடுத்த வருஷம் கௌரவமும் கிடையாது.”

மறுநாள் பாடம் தொடங்கியது. வாழையிலையில் எழுதின பாடப்புத்தகத்தைப் பூதத்தான் கையில் கொடுத்துவிட்டு அவள் சுண்ணாம்புக்கட்டி எடுக்கத் திரும்பினாள். திரும்பி வருவதற்குள் புத்தகத்தைக் காணோம்.

“மொத பாடம் நல்லாருந்துச்சு டீச்சர்” என்றான் பூதத்தான், உதட்டை நக்கிக்கொண்டே. “ரெண்டாவதுல உப்பு கம்மி.”

புத்தகம் சரிப்படாது என்று அவள் கிழங்குகளைக் கொண்டுவந்தாள். நடுவில் ஒன்றை வைத்து, “இந்தக் கிழங்கு யாருது?” என்று கேட்டாள்.

“என்னுது.”

“எப்படி?”

“நாந்தானே பக்கத்துல இருக்கேன்.”

சொத்துரிமையைப் பற்றி இவ்வளவு சுருக்கமான விளக்கத்தை அவள் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பையனுக்கு மூளை இருக்கிறது, யாரும் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் என்று தோன்றியது. அன்றிலிருந்து கிழங்கை வைத்தே தேவை, அளிப்பு, விலை, கூலி, லாபம் எல்லாவற்றையும் நடத்தினாள். தப்பாகச் சொன்னால் கிழங்கு கிடையாது. பூதத்தான் வேகமாகக் கற்றுக்கொண்டான்.

ஒருநாள் லாபம் பற்றிய பாடம். உதாரணத்துக்கு என்ன எடுப்பது என்று யோசித்து, கபடியையே எடுத்தாள்.

“மேட்ச் பார்க்க எத்தனை பேரு வாராங்க?”

“காடே வருது டீச்சர்.”

“சும்மாவா?”

“டிக்கெட் வாங்கிட்டுத்தான். மரத்து மேல உக்காந்தா டபுள் ரேட்டு.”

“யாரைப் பார்க்க வாராங்க?”

பூதத்தானின் காது நிமிர்ந்தது. “என்னையத்தான்.”

“உனக்கு என்ன கொடுக்காங்க?”

“கிழங்கு.”

“மிச்சம்?”

பூதத்தான் மெல்லுவதை நிறுத்தினான். அவன் வாய் அசையாமல் இருந்ததை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

“டீச்சர், எனக்கு ஒரு சந்தேகம்” என்றான்.

குழல்வாய்மொழி கிளையிலிருந்து விழப் பார்த்தாள். வாலும் கிடையாது பாவம், பிடித்துத் தொங்க. இரண்டு கையாலும் கிளையைக் கட்டிக்கொண்டு, “கேளு, கேளு” என்றாள்.

“இந்தக் கபடிக் கணக்குல நான் முதலாளியா, தொழிலாளியா, இல்ல கிழங்கா?”

இதற்குப் பதில் சொன்னால் வம்பு வரும் என்று அவளுக்குத் தெரியும். நிரந்தர வேலை கண்ணுக்கு முன்னால் வந்து நின்று வேண்டாம் என்று கையைக் காட்டியது. ஆனால் இத்தனை வருஷம் காத்திருந்த முதல் கேள்வி அது. மணி அடித்ததா என்று கேட்காத கேள்வி. வாய் நிற்கவில்லை. விளையாட்டுக் கட்டணம், டிக்கெட், மைதானத்தைச் சுற்றித் தேன் கம்பெனி வைக்கிற விளம்பரம், கோச்சின் எருமை, எருமையின் டிரைவர் எல்லாவற்றையும் கிழங்கு கிழங்காக எடுத்து வைத்து விளக்கினாள். பூதத்தான் பக்கத்தில் கடைசியாக மிஞ்சியது ஒரு கிழங்கின் தோல். அவன் அதைத் தின்னாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பரீட்சை வந்தது. பூதத்தான் பாஸ் மட்டும் ஆகவில்லை, முதலிடம் வாங்கினான். அவன் எழுதினதைப் படித்த அழுங்கு சந்தோஷத்தில் ஒருமுறை சுருண்டு விரிந்ததாகச் சொல்கிறார்கள். தேக்கங்காடு முழுக்க ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ‘கல்வி வள்ளல் கோச் தளவாய் அவர்களுக்கு நன்றி’ என்று நடுவில் உடும்பு நின்று கும்பிட்டது. ஓர் ஓரத்தில் குழல்வாய்மொழியின் கண்கள் மட்டும் தெரிந்தன. மற்றதைத் தேன் டப்பா மறைத்துவிட்டது. நிரந்தர வேலைக்கான உத்தரவை இறுதிப்போட்டி முடிந்ததும் மேடையில் வைத்துக் கொடுப்பதாகத் துணைவேந்தர் சொன்னார்.

இறுதிப்போட்டி மூங்கில்காட்டுப் பல்கலைக்கழகத்தோடு. அவர்களுடைய பெரிய ஆள் கொம்பையா என்கிற கரடி. அவன் கட்டிப்பிடித்தால் பிடிபட்டவனை இரண்டு பேர் சேர்ந்து சுருக்கம் எடுக்க வேண்டும். ஆட்டம் முடிகிற நேரம் இரண்டு பக்கமும் சமம். தளவாய் எழுந்து நின்று, “போலே பூதத்தான், முடிச்சிட்டு வாலே!” என்று கத்தினார். காடே கத்தியது. முன்வரிசையில், புதுச் சேலை கட்டிக்கொண்டு, குழல்வாய்மொழியும் கத்தினாள்.

பூதத்தான் கோட்டைத் தாண்டினான். “கபடி கபடி கபடி கபடி...” கொம்பையா கையை விரித்தான். பூதத்தான் குனிந்து பாயப்போன நேரத்தில் வலது முழங்கால் சுள்ளென்று இழுத்தது. போன வருஷம் பட்ட அடி. அப்போது வலிக்கிறது என்று சொன்னதற்கு, “வலிச்சா கத்தாதலே, கபடின்னு சொல்லு” என்று தளவாய் வைத்தியம் சொல்லியிருந்தார். அந்த ஞாபகம் வந்ததும் பூதத்தானின் நாக்கு தடம் மாறியது.

“கபடி கபடி கபடி... கட்டணம் கட்டணம்... டிக்கெட் டிக்கெட் டிக்கெட்... மிச்சம் மிச்சம் மிச்சம்...”

“பாட்டு மாறிப்போச்சு! அவுட்!” என்று நடுவர் மரங்கொத்தி மரத்தைத் தட்டியது.

பூதத்தான் வெளியே போகவில்லை. நடுக்கோட்டில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

“கோச், இந்த முட்டி போச்சுன்னா வைத்தியம் யாரு பாப்பா?”

“மொத எந்திலே! ஆட்டம் முடியட்டும், அப்புறம் பேசுவோம்!”

“ஆட்டம் முடிஞ்சா எங்கிட்ட நீங்க எதுக்குப் பேசப் போறிய? பேரம் பேசுத நேரம் இதுதான். டீச்சர் சொல்லியிருக்காவ.”

மைதானத்தில் இருந்த அத்தனை தலைகளும் குழல்வாய்மொழி பக்கம் திரும்பின. அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். கண்ணை மூடுகிற அளவுக்குத் தலைப்பு போதவில்லை. இதற்குள் டீமில் இருந்த முள்ளம்பன்றி, “எனக்கும் இடுப்பு வலிக்கு” என்று பூதத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அப்புறம் நரி. அப்புறம் எல்லோரும். மூங்கில்காட்டுக்காரர்கள் நிதானமாகப் பாடி வந்து, உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகத் தொட்டுவிட்டு, கப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் விசாரணை. துணைவேந்தரின் காது இரண்டும் கோபத்தில் விசிறியடித்ததில் வாசலில் நின்ற குழல்வாய்மொழி இரண்டு தடவை பறந்து போய்த் திரும்பி வந்தாள்.

“அந்தப் பன்றிக்கு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள்?”

“பாடத்தைத்தான் ஐயா. நீங்கதானே சொல்லிக்கொடுக்கச் சொன்னீங்க.”

“பாஸ் ஆக்கத்தான் சொன்னேன். புரியவைக்கச் சொன்னேனா?”

அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அழுகைக்கு அடியில் எங்கேயோ சின்னதாக ஒரு சந்தோஷமும் இருந்தது. புரிந்துவிட்டது என்று துணைவேந்தரே ஒத்துக்கொண்டுவிட்டாரே. மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று திரும்பினாள்.

“கொஞ்சம் நில்லுங்க டீச்சர்” என்றார் தளவாய். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணோடு அவளை மேலும் கீழும் பார்த்தார். நல்ல கால் உள்ள புதுப் பையனைப் பார்த்தால் அவர் அப்படித்தான் பார்ப்பார். “ஐயா, நான் இத்தனை வருஷமா கோச்சு. ஒரு டீமை இப்படி ஒட்டுமொத்தமா உக்கார வைக்க என்னால முடியல. எந்த எதிரியாலயும் முடியல. இந்த அம்மா ஒத்த ஆளா, வெறுங்கிழங்கை வச்சி முடிச்சிட்டாவ. இவங்களை வீட்டுக்கா அனுப்புவாவ? மூங்கில்காட்டுக்கு அனுப்புங்க.”

துணைவேந்தரின் காது ஆட்டம் நின்றது. மெதுவாக ஒரு சிரிப்பு தும்பிக்கை நுனியிலிருந்து கிளம்பி முகம் வரைக்கும் வந்தது.

அன்று சாயங்காலமே அவளுடைய வேலை நிரந்தரம் ஆனது, பொருளாதாரத் துறையில் இல்லை, விளையாட்டுத் துறையில். ‘எதிரணிக் கல்விப் பயிற்சியாளர்’ என்று பதவி. சம்பளம் எவ்வளவு என்று கேட்டபோது அவளுடைய கண் இன்னும் கொஞ்சம் பெரிதானது. இந்த முறை காரணம் வேறு. வழியனுப்ப வந்த தளவாய் அவளைத் தன்னுடைய எருமையிலேயே ஏற்றிவிட்டார்.

“நல்லா நடத்துங்க டீச்சர். சந்தேகம் கேட்டா நிறுத்தி நிதானமா சொல்லிக்கொடுங்க. கடைசி பெஞ்சைக்கூட விட்டுராதீங்க. இரக்கமே காட்டாதீங்க.”

பூதத்தானையும் அவனோடு உட்கார்ந்தவர்களையும் டீமிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவன் கவலைப்படவில்லை. அவள் காலி செய்துவிட்டுப் போன மரப்பொந்தில் உட்கார்ந்து மேல்படிப்புக்குப் படிக்க ஆரம்பித்தான். புத்தகத்தைத் தின்பதை மட்டும் முழுசாக விட முடியவில்லை. படித்து முடித்த பக்கங்களை மட்டும் தின்றான்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையே நல்லெண்ணம் வளர்க்க ஓர் ஆசிரியையை இலவசமாக அனுப்புகிறோம் என்று தேக்கங்காடு சொன்னதும், மூங்கில்காட்டுக்காரர்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். சம்பளம் கொடுக்க வேண்டாத ஆசிரியரை எந்தக் காடும் வேண்டாம் என்று சொல்லாது. குழல்வாய்மொழிக்குக் குற்றவுணர்ச்சி உறுத்தியது. ஒற்றர் வேலை பார்க்கிறோமே என்று சரியாகச் சாப்பிடவில்லை. முதல் சம்பளம் வந்ததும் கொஞ்சம் சாப்பிட்டாள். வகுப்புக்குள் போன பிறகு உறுத்தலே மறந்துபோனது. முன்வரிசையில் கொம்பையா உட்கார்ந்திருந்தான். பெரிய உடம்பைக் குறுக்கி, கையைக் கட்டி, எதைக் கேட்பது எப்படிக் கேட்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் கடைசியில் கேட்டேவிட்டான்.

“டீச்சர், தேன் விளம்பரத்துல நான் டப்பாவைக் கட்டிப்பிடிச்சிச் சிரிக்கேன்லா. அந்த டப்பாவை ஏன் எனக்குத் தர மாட்டேங்காவ?”

அதற்கப்புறம் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வருஷ இறுதிப்போட்டிக்குத் தேக்கங்காட்டு டீம் புதுப் பையன்களோடு நடுக்கத்துடன் களத்தில் வந்து நின்றது. எதிர்ப்பக்கம் காலி. வெகுநேரம் கழித்து ஒரு மைனா பறந்துவந்து, “மூங்கில்காட்டுப் பிள்ளைங்க வர முடியாதாம். கூலி பத்திக் கருத்தரங்காம். கொம்பையாதான் தலைமையாம்” என்றது. தளவாய் தரையில் விழுந்து புரண்டு அழுதார். அத்தனையும் ஆனந்தக் கண்ணீர். தொடாமல், பிடிக்காமல், ஒருத்தருக்கும் முட்டி போகாமல் கப் வந்துவிட்டது.

ஆனால் மூங்கில்காட்டின் கோச்சும் லேசுப்பட்டவர் இல்லை. என்ன நடந்தது என்று கண்டுபிடித்துவிட்டார். டீச்சரை அனுப்ப மாணவர்கள் விடவில்லை. பழிக்குப் பழியாக, தங்களிடம் இருந்ததிலேயே நன்றாகப் பாடம் எடுக்கிற ஒரு கொக்கைத் தேடிப்பிடித்துத் தேக்கங்காட்டுக்கு இலவசமாக அனுப்பினார். கொக்கு வரலாறு நடத்தும். ஒற்றைக்காலில் நின்று அது பழைய ஆட்டக்காரர்களின் கதியைச் சொல்லச் சொல்ல, தேக்கங்காட்டுப் புதுப் பையன்கள் ஜெர்சியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு நோட்டு வாங்கப் போனார்கள்.

அதோடு விட்டதா? எல்லாக் காடுகளும் இறங்கிவிட்டன. கோச்சுகள் மைதானத்துக்குப் போவதை விட்டுவிட்டு வகுப்பறை ஜன்னலில் தொங்கினார்கள். “அந்தக் கணக்கு வாத்தியார் ஆமை எப்படி?” என்று ஒருவர் கேட்டால், “மெதுவா நடத்தும். ஆனா அதுகிட்ட மாட்டின டீம் எந்திரிச்சதே இல்ல” என்பார் இன்னொருவர். நல்ல ஆசிரியர்களை ஏலத்தில் எடுத்தார்கள். கோச்சுகளின் எருமைகள் ஆசிரியர்களுக்குப் போயின. அவர்கள் படத்தை ஃப்ளெக்ஸில் போட்டு, ‘இடி வருது, ஒதுங்கி நில்’ என்று எழுதினார்கள். தேக்கங்காட்டில் கொக்கு எடுத்த வகுப்புக்கு மூங்கில்காடு தன் செலவில் கூரை போட்டுக்கொடுத்தது. மழை நாளிலும் தாக்குதல் தொடர வேண்டுமாம்.

இப்படி இருக்கையில் தேக்கங்காட்டுக்குத் தரம் பார்க்கிற குழு ஒன்று வந்தது. மூன்று முயல்கள். எல்லா வகுப்பையும் பார்த்தன. மாணவர்களைக் கேள்வி கேட்டன. மாணவர்கள் திருப்பிக் கேட்ட கேள்விகளில் மிரண்டுபோய், துணைவேந்தர் அறை வாசலில் வந்து வாயாரப் புகழ்ந்தன.

“ஐயா, சுற்றுவட்டாரத்திலேயே கல்வியில் உங்கள் பல்கலைக்கழகம்தான் முதலிடம்!”

துணைவேந்தரின் முகம் வெளிறியது. விளையாட்டு பற்றிப் பேச மூங்கில்காட்டிலிருந்து கூப்பிட்டிருந்த குழல்வாய்மொழியும் தளவாயும் பக்கத்தில்தான் நின்றார்கள்.

“முதலிடமா?” என்றார் துணைவேந்தர். “நம்ம பிள்ளைகளா? அவ்வளவு தூரம் படித்துவிட்டார்களா?”

“ஒருத்தர் பாக்கியில்லாமல்” என்றன முயல்கள்.

துணைவேந்தர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தளவாய் முயல்களைத் தனியாகக் கூப்பிட்டுப்போய், இந்த விஷயம் தயவுசெய்து வெளியே தெரிய வேண்டாம், குறிப்பாக மூங்கில்காட்டுக்குத் தெரியவே கூடாது, பெருத்த அவமானம் என்று கெஞ்சினார். முயல்கள் ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டிவிட்டுப் போயின.

“இதை இப்படியே விடக் கூடாது” என்று துணைவேந்தர் எழுந்தார். “பட்ஜெட்டை ரெட்டிப்பாக்குங்கள். அவர்கள் நம்மை எவ்வளவு படிக்கவைத்தார்களோ அதைவிடப் பல மடங்கு அவர்களைப் படிக்கவைக்க வேண்டும். டீச்சர், இந்த முறை என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.”

குழல்வாய்மொழி நன்றாக யோசித்தாள். மூங்கில்காட்டில் ஒரு நூலகம் வேண்டும் என்றாள். கொடுத்தார். ஆய்வுக்கூடம் வேண்டும் என்றாள். கொடுத்தார். தன்னைப் போல இன்னும் பத்துப் பதினைந்து பேர் வேண்டும், எல்லோருக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிட வேண்டும் என்றாள். அதையும் கொடுத்தார்.

“அழிக்கிறதுக்குன்னா எவ்வளவு வேணாலும் தருவாரு” என்று தளவாய் அவள் காதில் சொன்னார்.

வெளியே வந்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாலு காலால் ஒரு கிளையைப் பற்றிக்கொண்டு, கிளை ஆட ஆடச் சிரித்தாள். கீழே போன இரண்டு மாணவர்கள் நிமிர்ந்து பார்த்து, டீச்சர் ஏன் சிரிக்கிறார் என்று தங்களுக்குள் விவாதிக்க ஆரம்பித்தார்கள். அவள் இறங்கி வருவதற்குள் அது மூன்று கட்சியாகப் பிரிந்துவிட்டது.

நீதி: கல்விக்குப் பணம் வேண்டுமென்றால், அது நம் பிள்ளைகளை நன்றாக வளர்க்கும் என்று சொல்லிக் கேட்காதீர்கள். அடுத்த ஊர்ப் பிள்ளைகளை உருப்படாமல் செய்யும் என்று சொல்லுங்கள். எருமையோடு வரும்.